எம்பாப்பே போனார்: பாரிஸ் இளைத்ததா, தேறியதா?

நாடகக் கம்பெனியிலிருந்து ராஜபார்ட்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் ஊர் என்ன பேசும்? "இனிக் கம்பெனி படுத்துவிடும்" என்றுதான் பேசும். மறுநாள் கொட்டகையில் கூட்டம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்கென்றே நாலு பேர் வருவார்கள்.

2024-ஆம் ஆண்டு கோடையில் கால்பந்து ரசிகர்கள் பாரிஸ் நகரத்தை இப்படித்தான் எட்டிப் பார்த்தார்கள். பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் என்ற கோஷ்டியில் ஏழு ஆண்டுக் காலம் விளையாடிய கிலியன் எம்பாப்பே, ஸ்பெயின் தலைநகரிலுள்ள ரியல் மாட்ரிட் கோஷ்டிக்குப் போய்விட்டார். போனவர் சாமானியர் அல்ல. 308 ஆட்டங்களில் 256 கோல்! அந்தக் கிளப்பின் சரித்திரத்திலேயே அவ்வளவு கோல் போட்டவர் வேறொருவர் கிடையாது. அவர் இடத்துக்கு அவருக்கு நிகரான பெயருள்ள ஒருவரை வாங்கினார்களா என்றால், அதுவும் இல்லை.

பத்து மாதம் சென்றது. 2025 மே 31-ஆம் தேதி ம்யூனிக் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், அதே பாரிஸ் கோஷ்டி இத்தாலியின் இண்டர் மிலானை 5-0 என்று தோற்கடித்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பை அது. பாரிஸ் அதை அதற்கு முன் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அந்தப் போட்டியின் இறுதி ஆட்டம் எதிலும் இத்தனை கோல் வித்தியாசத்தில் யாரும் ஜெயித்ததும் இல்லை.

அப்படியானால் ஆள் போனதால் கோஷ்டி தேறியதா? அல்லது ஆள் போயும் தேறியதா? இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் ஒன்றல்ல. ஒவ்வொரு கோடையிலும் கோடிக் கணக்கில் பணத்தைக் கொட்டி ஆள் வாங்கும் கிளப்புகளுக்கு இந்த வித்தியாசம்தான் வாழ்வு, தாழ்வு எல்லாம்.

சந்தை நடக்கும் விதம்

ஐரோப்பாவில் கால்பந்துப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. இடைப்பட்ட நாட்களில் ஆட்டம் ஓய்ந்திருக்கும். வியாபாரம் சூடு பிடித்திருக்கும். ஒப்பந்தம் முடியுமுன் ஓர் ஆட்டக்காரரை வேறு கிளப் கேட்டால், பழைய கிளப்புக்கு விலை கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்துவிட்டாலோ, ஆட்டக்காரர் தன் இஷ்டம்போல் போகலாம்; பழைய கிளப்புக்குக் காலணாவும் கிடைக்காது. எம்பாப்பே போனது இந்த இரண்டாவது வழியில். 2017-இல் மொனாக்கோ கிளப்பிடமிருந்து 18 கோடி யூரோவுக்குப் பேசி எடுத்த ஆளைப் பாரிஸ் கைவீசிக்கொண்டு வழியனுப்பி வைத்தது.

சண்டை அத்துடன் நிற்கவில்லை. கடைசிக் காலத்துச் சம்பளமும் போனஸும் பாக்கி என்றார் எம்பாப்பே. அவற்றை விட்டுக்கொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டார் என்றது கிளப். வழக்கு பாரிஸ் தொழிலாளர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. சுமார் 6 கோடி யூரோவை கிளப் கொடுக்க வேண்டும் என்று 2025 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. கோடீசுவர ஆட்டக்காரருக்கும் சம்பள பாக்கி வழக்கு உண்டு என்பது நம் ஊர் மில் தொழிலாளிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

செப்டம்பர் முதல் வாரத்தில் சந்தை மூடியதும் எல்லாப் பத்திரிகைகளும் ஒரு காரியம் செய்யும். இந்தக் கிளப்புக்கு இத்தனை மார்க், அந்தக் கிளப்புக்கு அத்தனை மார்க் என்று பட்டியல் போடும். பரீட்சை நடப்பதற்கு முன்பே மார்க்! வந்தவர் பெயர் பெரிதா, போனவர் பெயர் பெரிதா என்று தராசில் வைத்துப் பார்ப்பதுதான் அந்த மார்க்கின் இரகசியம். அந்தத் தராசில் 2024-இல் பாரிஸ் பக்கம் தட்டு மேலே போயிற்று. மாட்ரிட் பக்கம் தட்டு தரையைத் தொட்டது.

ஸ்பெஷல் நாடகம்

பழைய நாடக ரசிகர்களுக்கு ஸ்பெஷல் நாடகம் என்றால் தெரியும். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து. பபூன் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. மாலையில் வந்து இறங்கி, இரவு மேடையேறி, விடிந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு அவரவர் ரயிலைப் பிடிப்பார்கள். ஒவ்வொருவர் பாட்டும் அமர்க்களம். கதை மட்டும் அங்கங்கே தொங்கும்.

2011-இல் கத்தார் நாட்டு அரசின் முதலீட்டு நிறுவனம் பாரிஸ் கிளப்பை வாங்கியது. அதன் பிறகு அங்கே நடந்தது ஸ்பெஷல் நாடகம்தான். 2017-இல் பார்ஸிலோனாவிலிருந்து நெய்மாரைக் கொண்டு வந்தார்கள். விலை 22 கோடியே 20 லட்சம் யூரோ. உலகத்தில் எந்தக் கால்பந்து ஆட்டக்காரருக்கும் அதுவரை கொடுக்கப்படாத விலை அது. அதே கோடையில் எம்பாப்பே வந்தார். 2021-இல் லியோனல் மெஸ்ஸியே வந்து சேர்ந்தார். மூன்று மூர்த்திகளும் ஒரே மேடையில்!

பலன்? பிரெஞ்சு லீக் கோப்பை வந்தது. அது முன்பும் வந்துகொண்டுதான் இருந்தது. ஐரோப்பியக் கோப்பையில் கிட்டத்தில் போனது 2020-இல். அப்போது மெஸ்ஸி கிடையாது. இறுதி ஆட்டத்தில் பயர்ன் ம்யூனிக்கிடம் ஒரு கோலில் தோற்றார்கள். மெஸ்ஸி வந்த பிறகு அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. 2022 மார்ச்சில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து இரண்டு கோல் முன்னால் நின்றவர்கள், கடைசி அரை மணியில் பென்ஸெமாவிடம் மூன்று கோல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மறு ஆண்டு பயர்ன் ம்யூனிக் இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்து அனுப்பி வைத்தது. அந்த இரண்டு ஆட்டங்களில் பாரிஸ் ஒரு கோல்கூடப் போடவில்லை!

இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தும் ஏன்? இதற்குச் சாபம், ராசி என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். காரணம் அவ்வளவு மர்மமானதல்ல. கால்பந்தில் பந்து நம் காலில் இருக்கும் நேரம் பாதி. எதிரி காலில் இருக்கும் நேரம் பாதி. எதிரி காலில் இருக்கும்போது, அவனைத் துரத்தி, வழி மறித்து, நிம்மதியாகப் பார்த்து உதைக்க விடாமல் செய்ய வேண்டும். முன்வரிசையில் நிற்கும் மூவரும் அப்போது உலாவிக்கொண்டிருந்தால், அந்த வேலை பின்னாலிருக்கும் ஏழு பேர் தலையில் விழுகிறது. எதிரிப் பக்கத்திலோ பத்துப் பேர். ஏழு பேர் பத்துப் பேரைத் துரத்தினால், முதலில் இடம் விட்டுப் போகும். பிறகு மூச்சு விட்டுப் போகும். கடைசி அரை மணியில் கோல் விழும். 2022-இல் மாட்ரிட்டில் நடந்தது இதுதான்.

பிரெஞ்சு லீகில் இந்தக் குறை வெளியே தெரியாது. அங்கே பலவீனமான கோஷ்டிகள் பந்தைப் பெற்றாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று திகைப்பவை. ஐரோப்பியக் கோப்பையின் கடைசிச் சுற்றுகளில் எல்லாம் வெளுத்துவிடும்.

கூட்டிக் கழித்த பயிற்சியாளர்

2023 கோடையில் மெஸ்ஸி அமெரிக்காவுக்கும் நெய்மார் சவூதி அரேபியாவுக்கும் போனார்கள். லூயிஸ் என்ரிக்கே என்ற ஸ்பெயின்காரர் பயிற்சியாளராக வந்தார். பிடிவாதக்காரர். பார்ஸிலோனாவில் மெஸ்ஸி, நெய்மார், ஸுவாரெஸ் மூவரையும் வைத்து 2015-இல் இதே கோப்பையை ஜெயித்தவர். ஆகவே நட்சத்திரங்களைக் கண்டால் அவருக்கு ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது.

எம்பாப்பே இன்னும் இருந்த அந்த ஒரு பருவத்தில் அவருக்கும் பயிற்சியாளருக்கும் நடந்த ஒரு சம்பாஷணை, பிற்பாடு ஓர் ஆவணப்படத்தில் வெளிவந்தது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானை எம்பாப்பேக்குப் பிடிக்கும் என்பதை வைத்தே பயிற்சியாளர் பேச்சை ஆரம்பிக்கிறார். ஜோர்டான் தற்காப்பிலும் முன்னால் நின்றார், அதனால் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள், நீயும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். கோல் போடு என்று எம்பாப்பேக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓடு என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பருவத்தில் பாரிஸ் அரையிறுதி வரை போய், டார்ட்மண்டிடம் இரண்டு ஆட்டங்களிலும் ஒவ்வொரு கோலில் தோற்றது. பிரெஞ்சு லீகில் கோஷ்டி போட்ட 81 கோல்களில் 27 எம்பாப்பே போட்டவை. அதாவது மூன்றில் ஒரு பங்கு. இந்த மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால் மிச்சம் 54 என்றுதான் கணக்குப் பிள்ளைகள் கழித்தார்கள். மறு பருவத்தில், எம்பாப்பே இல்லாமல், பாரிஸ் லீகில் போட்ட கோல் 92!

இங்கேதான் நாம் எல்லோரும் பிசகுகிறோம். ஒருவர் போனால் அவர் செய்த வேலையைக் கழிக்கிறோம். அவருக்காக மற்றவர்கள் சுமந்த வேலையைக் கூட்டுவதில்லை. எம்பாப்பே இருந்தபோது பந்து எப்படியாவது அவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே மற்ற பத்துப் பேருக்கும் எழுதாத சட்டம். அவர் துரத்தாத பந்தையும் அவர்கள்தான் துரத்த வேண்டும். அந்தப் பாரம் இறங்கியதும் யார் யார் நிமிர்ந்தார்கள் என்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

மூன்று கோல்காரர் இருபத்தொன்று போட்டார்

ஒஸ்மான் டெம்பெலே 2023-இல் பார்ஸிலோனாவிலிருந்து வந்தவர். இரண்டு காலாலும் ஒன்று போல உதைக்கக் கூடியவர். எங்கே உதைப்பார் என்பது சில சமயம் அவருக்கே தெரியாது என்று கேலி பேசுவார்கள். அடிக்கடி காயம். முதல் பருவத்தில் லீகில் அவர் போட்டது மூன்றே கோல். வலது ஓரத்தில் நின்று பந்தைத் தள்ளி விடுவதே அவர் உத்தியோகமாக இருந்தது. 2024 டிசம்பர் வாக்கில் பயிற்சியாளர் அவரை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டு வந்தார். அந்தப் பருவத்தில் லீகில் மட்டும் 21 கோல். 2025 செப்டம்பரில் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய 'பாலோன் தோர்' தங்கப் பந்து அவருக்குக் கிடைத்தது. எம்பாப்பேக்கு அது அதுவரை கிடைத்ததில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், டெம்பெலேயின் கோல்களைவிட அவர் கோல் போடாத ஓர் ஆட்டத்தைத்தான் சொல்லுவேன். ம்யூனிக் இறுதி ஆட்டத்தில் ஐந்து கோலில் ஒன்றுகூட அவருடையதல்ல. நம் நாட்டில் நள்ளிரவு 12.30 மணிக்குக் கண் விழித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திராது. இண்டர் கோல்கீப்பர் ஸோமர் பந்தை உதைப்பதற்கு வைக்கும்போதெல்லாம், பெனால்டி எல்லைக் கோட்டருகில் டெம்பெலே குனிந்து, எலியைப் பார்த்த பூனை போல் அசையாமல் நிற்பார். பந்து கிளம்பியதும் பாய்வார். அவர் பாய்ந்தால் பின்னாலுள்ள ஒன்பது பேரும் பாய்வார்கள். கோஷ்டியின் பெரிய நட்சத்திரமே முதலில் ஓடும்போது, 19 வயதுப் பையன் ஓடாமல் நிற்க முடியுமா?

அந்த 19 வயதுப் பையன் டெசிரே டூவே. 2024 கோடையில் ரென் கிளப்பிலிருந்து வாங்கப்பட்டவர். இருபது வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். முதல் கோலுக்கும் அவர்தான் பந்து கொடுத்தார். அதைப் போட்டவர் வலது பின்கள ஆட்டக்காரரான ஹக்கிமி. பின்களத்தில் இருக்க வேண்டியவர் எதிரி கோலுக்கு நேர் முன்னால் எப்படி வந்தார்? அதுதான் இந்தக் கோஷ்டியின் வேலை முறை. ஒருவர் இடம் விட்டால் இன்னொருவர் அந்த இடத்தில் இருப்பார். இண்டர் முன்பு தாம் விளையாடிய கிளப் என்பதால், ஹக்கிமி கோல் போட்டதும் துள்ளாமல் மன்னிப்புக் கேட்பது போல் கையை உயர்த்தினார்.

டூவேயுடன் அதே கோடையில் வந்தவர்கள் போர்ச்சுக்கல்காரரான ஜோவாவ் நெவெஸும் ஈக்வடார் நாட்டுப் பின்கள வீரர் பாச்சோவும். இடையில் 2025 ஜனவரியில் ஜார்ஜியாக்காரர் க்வராட்ஸ்கெலியா நேப்பிள்ஸிலிருந்து வந்தார். இப்படி வந்தவர்களைப் பற்றி எழுதும்போது, இருந்தவர்களை மறந்துவிடுகிறோம். நடுக்களத்தில் தாளம் போட்ட விட்டின்ஹா மெஸ்ஸி காலத்திலேயே அங்கே இருந்தவர். இடது பின்களத்து நூனோ மெண்டெஸும் ஹக்கிமியும் 2021-இலேயே வந்தவர்கள். தலைவர் மார்க்கின்யோஸ் 2013 முதல் அங்கே இருப்பவர். அவர் பார்க்காத தோல்வி கிடையாது. அதே ஆட்கள்தான். ஆனால் முன்பு ஏழு பேராகத் துரத்தியவர்கள் இப்போது பத்துப் பேராகத் துரத்தினார்கள்.

நூலிழையில் தப்பியது

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இது முன்கூட்டியே தெரிந்த விஷயம் போலப் பேசினால் அது யோக்கியமாகாது. 2024 நவம்பர் முடிவில் பாரிஸ் நிலைமை என்ன? சாம்பியன்ஸ் லீகில் 36 கிளப்புகள். 24 கிளப்புகளுக்குத்தான் அடுத்த சுற்று. ஐந்து ஆட்டம் முடிந்தபோது பாரிஸ் ஜெயித்தது ஒன்றே ஒன்று. அதுவும் எதிரி கோல்கீப்பர் பந்தைக் கைநழுவ விட்டதால் கிடைத்த கோலில். ஆர்ஸனலிடம் தோல்வி, அட்லெட்டிக்கோ மாட்ரிட்டிடம் தோல்வி, பயர்ன் ம்யூனிக்கிடம் தோல்வி. ஆர்ஸனல் ஆட்டத்துக்கு டெம்பெலேயைக் கட்டுப்பாட்டுக் குறைவுக்காக அழைத்துப் போகவே இல்லை. ம்யூனிக் ஆட்டத்தில் அவரைச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார்கள். ஆறு மாதம் கழித்து அவர் கோப்பையைத் தூக்கியதும் அதே மைதானத்தில்தான்!

2025 ஜனவரி 22-ஆம் தேதி மான்செஸ்டர் சிட்டியிடம் பாரிஸ் 0-2 என்று பின்தங்கி நின்றது. அன்று அப்படியே தோற்றிருந்தால் வெளியேறும் அபாயம் நிச்சயம். எம்பாப்பே போனதால் பாரிஸ் பாழாயிற்று என்று எல்லோரும் எழுதியிருப்போம். மழையில் நடந்த அந்த ஆட்டத்தில் நாலு கோல் போட்டுத் தப்பினார்கள். மார்ச்சில் லிவர்பூல் வந்தது. பாரிஸ் மைதானத்தில் பாரிஸ் 27 தடவை கோலை நோக்கி உதைத்தது. லிவர்பூல் உதைத்தது இரண்டே தடவை. ஜெயித்தது லிவர்பூல், 1-0. மறு ஆட்டத்தில் பாரிஸ் அதே கணக்கில் ஜெயிக்க, பெனால்டி உதைகளில் கோல்கீப்பர் டொன்னாரும்மா இரண்டைத் தடுத்துக் கோஷ்டியைக் காப்பாற்றினார். ஒரு பந்து அங்குலம் விலகிப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

ஆகவே கோப்பை கிடைத்தது என்பதை மட்டும் சாட்சியாகக் கொள்ளக் கூடாது. கோப்பையில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. 27-க்கு இரண்டு என்ற கணக்கில் அதிர்ஷ்டம் கிடையாது. தோற்ற அன்றைக்கே அந்தக் கோஷ்டி முன்னைவிட நல்ல கோஷ்டியாகிவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

இன்னொரு கதையும் உலவுகிறது. பணக்கார நட்சத்திரங்களைத் துரத்திவிட்டு ஏழைப் பையன்களை வைத்து ஜெயித்தார்கள் என்கிறார்கள். கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது. உண்மை அப்படியல்ல. நெவெஸுக்குச் சுமார் 6 கோடி யூரோ, டூவேக்கு 5 கோடி, பாச்சோவுக்கு 4 கோடி, கோல்கீப்பர் ஸஃபோனோவுக்கு 2 கோடி, க்வராட்ஸ்கெலியாவுக்கு 7 கோடி. மொத்தம் சுமார் 24 கோடி. நெய்மார் ஒருவருக்குக் கொடுத்ததைவிடச் சற்று அதிகம். பெட்டி அதே பெட்டிதான். கத்தார் பணம் அதே பணம்தான். முன்பு ஒருவருக்குக் கொட்டியதை இப்போது ஐந்து பேருக்குப் பிரித்தார்கள். நம் ஊர் பாய்ஸ் கம்பெனி போல் பையன்களைச் சேர்த்து ஒத்திகை பார்த்தார்கள் என்பது சரி. அந்தப் பையன்களை வாங்க எல்லாக் கிளப்புக்கும் வசதி இல்லை என்பதும் சரி.

வாங்கியவர் கதை என்ன?

விற்றவர் வீட்டை மட்டும் பார்த்தால் வழக்கில் பாதிதான் தெரியும். எம்பாப்பேயை வாங்கிய வீட்டையும் பார்க்க வேண்டும்.

அவர் வருமுன் ரியல் மாட்ரிட் எப்படி இருந்தது? 2023-24 பருவத்தில் ஸ்பெயின் லீகில் 38 ஆட்டங்களில் ஒரே தோல்வி, 95 புள்ளி, ஐரோப்பியக் கோப்பையும் கையில். இதற்கு மேல் எம்பாப்பேயும் வந்தால் எதிர்த்து நிற்பவர் யார் என்று கேட்டார்கள். 2024-25 பருவத்தில் புள்ளி 84 ஆகக் குறைந்தது. போட்ட கோல் 87-லிருந்து 78 ஆகக் குறைந்தது. வாங்கிய கோல் 26-லிருந்து 38 ஆக ஏறியது. பரம வைரியான பார்ஸிலோனாவுடன் நான்கு தடவை மோதி நான்கிலும் தோல்வி. ஐரோப்பியக் கோப்பையில் ஆர்ஸனலிடம், இரண்டு ஆட்டமும் சேர்த்து, 5-1 என்று தோற்று கால் இறுதியில் வெளியேறினார்கள்.

விந்தை என்னவென்றால், பாரிஸ் அதே பருவத்தில் தன் லீகில் 76 புள்ளியிலிருந்து 84-க்கு ஏறியது. மாட்ரிட் 95-லிருந்து 84-க்கு இறங்கியது. பிரான்ஸில் ஆட்டங்கள் 34-தான் என்பதால் இரண்டு 84-ம் ஒரே எடை அல்ல. ஆனாலும் ஒரே ஆள் இடம் மாறியதில் ஒரு தட்டு ஏறி ஒரு தட்டு இறங்கியதைப் பாருங்கள்.

பழியை எம்பாப்பே தலையில் போடுவது அநியாயம். தொடக்கத்தில் தடுமாறினார், ஒரு வாரத்துக்குள் இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டார், பிறகு சுதாரித்துக்கொண்டு லீகில் 31 கோல் போட்டார். ஐரோப்பா முழுவதிலும் அதிக கோலுக்கான தங்கக் காலணி அவருக்குத்தான். அவர் வேலையை அவர் செய்தார். ஆனால் அவருக்குப் பிரியமான இடது ஓரத்தில் ஏற்கெனவே வினிஷியஸ் இருந்தார். அவருக்கும் அதே இடம்தான் பிரியம். பிரியமான இடத்தில் இருவர். பந்தைத் துரத்துவதில் ஒருவரும் இல்லை. பாரிஸில் இறங்கிய பாரம் மாட்ரிட்டில் ஏறிற்று.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2024 கோடையில் மாட்ரிட்டுக்கு யார் வந்தார் என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். யார் போனார் என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். டோனி க்ரூஸ் என்ற ஜெர்மானியர் ஓய்வு பெற்றார். நடுக்களத்தில் நின்று, வேர்க்காமல் விறுவிறுக்காமல், ஒவ்வொரு பந்தையும் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். கோல் கணக்கில் அவர் பெயர் அபூர்வமாகத்தான் வரும். அவர் இடத்துக்கு யாரையும் வாங்கவில்லை. பின்களத்தில் கார்வஹாலுக்கும் மிலிட்டாவுக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் முழங்கால் போயிற்று. அங்கேயும் புது ஆள் வாங்கவில்லை. நடுக்கள வீரரைப் பின்களத்தில் நிறுத்திச் சமாளித்தார்கள். கூரைக்குப் பொன் தகடு வேய்ந்துவிட்டு, ஒழுகும் சுவரைப் பார்க்காமல் விட்டது போல் ஆயிற்று.

மறு கோடையில்

2025 ஜூலை 9-ஆம் தேதி இரண்டு கோஷ்டிகளும் நேருக்கு நேர் சந்தித்தன. அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையின் அரையிறுதி. எம்பாப்பே தம் பழைய தோழர்களுக்கு எதிராக இறங்கினார். 24 நிமிஷத்துக்குள் பாரிஸ் மூன்று கோல் போட்டுவிட்டது. முதல் இரண்டு கோலும் மாட்ரிட் பின்களக்காரர்கள் காலிலிருந்து பந்தைப் பறித்ததால் வந்தவை. இரண்டாவதைப் பறித்தவரும் டெம்பெலே, போட்டவரும் டெம்பெலே. முடிவு 4-0.

பாரிஸ்காரர்கள் அதோடு திருப்தி அடைந்து உட்கார்ந்துவிடவில்லை. லிவர்பூலில் காப்பாற்றிய டொன்னாரும்மாவை ஆகஸ்டில் கோஷ்டியிலிருந்தே நீக்கினார் என்ரிக்கே. காலால் பந்து ஆடத் தெரிந்த வேறு மாதிரி கோல்கீப்பர் தேவை, பொறுப்பு முழுவதும் என்னுடையது என்றார். லீல் கிளப்பிலிருந்து ஷெவாலியே வந்தார். டொன்னாரும்மா மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். இந்த மாற்றம் எனக்கு அவ்வளவு தெளிவாகப் படவில்லை. டிசம்பரில் கத்தாரில் பிரேஸிலின் ஃப்ளமெங்கோவுடன் நடந்த கண்டங்களுக்கிடையிலான கோப்பை ஆட்டத்தில் நான்கு பெனால்டிகளைத் தடுத்து ஜெயித்துக் கொடுத்தவர் டொன்னாரும்மாவும் அல்ல, ஷெவாலியேயும் அல்ல; 2 கோடிக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த ஸஃபோனோவ்!

அமெரிக்காவில் மாட்ரிட்டை முறித்த நான்காம் நாள், அதே மைதானத்தில், இறுதி ஆட்டத்தில் பாரிஸைச் சந்தித்தது லண்டன் நகரத்துச் செல்ஸீ. 2022-இல் புது முதலாளிகள் கைக்கு வந்த கிளப் அது. ஒரே ஆண்டில் 50 கோடி பவுனுக்கு மேல் கொட்டி ஆள் மேல் ஆளாக வாங்கிக் குவித்து, இங்கிலாந்து லீகில் பன்னிரண்டாவது இடத்துக்குப் போய், எல்லோர் வாயிலும் விழுந்தது. உடைமாற்றும் அறையில் உட்கார இடம் இல்லை என்று சிரித்தார்கள். அந்தச் செல்ஸீ அன்று பாரிஸைப் பாரிஸ் பாணியிலேயே துரத்திப் பிடித்து, முதல் பாதியிலேயே மூன்று கோல் போட்டு, 3-0 என்று ஜெயித்தது. முதல் இரண்டைப் போட்ட கோல் பால்மர், அந்தச் சிரிப்பெல்லாம் ஓயுமுன் 2023-இல் வாங்கப்பட்டவர். மூன்றாவதைப் போட்ட ஜோவாவ் பெட்ரோவை பிரைட்டனிலிருந்து வாங்கியது அந்தப் போட்டியின் நடுவில். ஜூலை 2-ஆம் தேதி கையொப்பம். 4-ஆம் தேதி முதல் ஆட்டம். 8-ஆம் தேதி அரையிறுதியில் இரண்டு கோல். 13-ஆம் தேதி இந்த ஒன்று. வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.